அன்பு மட்டும் போதுமா?

“பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்கு என்ன பெரிய படிப்பு வேண்டும் சாமி? அன்பு இருந்தால் போதாதா?” குழந்தைகள் இல்லங்களிலும் குடும்ப நலப் பணிகளிலும் உழைப்போர்க்கு முறையான பயிற்சி வேண்டும் என்று பங்குப் பேரவையிலோ அன்பியக் கூட்டத்திலோ பேச்செடுக்கும்போதெல்லாம் இவ்வினா எழாமல் இருந்ததில்லை. கேட்பவர்கள் தீய மனத்தினர் அல்லர். பத்துப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்த நம் பாட்டிமார் எந்தப் பயிற்சி நிலையத்தில் சான்றிதழ் வாங்கினார்கள் என்று அவர்கள் கேட்கையில், அதில் ஒரு நியாயம் இருப்பதாகவே தோன்றும். கூட்டம் அத்தோடு அடுத்த பொருளுக்கு, பெரும்பாலும் திருவிழாக் கணக்குக்கு, நகர்ந்துவிடும்.

நாம் இங்கே அவ்வினாவைச் சற்று நிறுத்திவைத்துப் பார்க்க விரும்புகிறோம். நிருவாகத்தைப் பற்றிய வினாவாகத் தோன்றினாலும் அதன் அடியில் இருப்பது அறநெறி வினா. பிறர் பிள்ளைகளைப் பொறுப்பேற்பவர்க்குக் கற்றுக்கொள்வது ஒரு வசதியா, கடமையா? நல்ல மனத்தோடு, ஆனால் அறியாமையால், ஒரு குழந்தைக்குத் தீங்கு விளைந்துவிட்டால் அதற்குப் பொறுப்பாளி யார்?

முதலில் பாட்டிமாரைப் பற்றிய வாதம். பழைய பங்குகளின் அடக்கப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு அவ்வாதம் அவ்வளவு எளிதில் நாவில் வராது. பக்கத்துக்குப் பக்கம் மூன்று மாதக் குழந்தை, ஒன்றரை வயதுக் குழந்தை, ஞானத்தீட்சை பெற்று ஒரு வாரமே ஆன குழந்தை. பத்துப் பெற்ற பாட்டி பத்தையும் வளர்த்துவிடவில்லை. மூன்றையோ நான்கையோ கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, எஞ்சியவர்களை வளர்த்தார். அவருடைய அன்பில் குறை இருந்ததா? அணுவளவும் இல்லை. பேதி கண்ட குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று அஞ்சித் தண்ணீரை நிறுத்தியது அன்புதான். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைச் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும் என்பதை யாரேனும் ஒருவர் வந்து கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. கற்றுக்கொடுத்த பின், அதே அன்பு அதே கையால் குழந்தையைப் பிழைக்க வைத்தது.

அன்புள்ள கண்ணும் ஏமாறும் என்பதற்கு இன்னொரு சான்று எடை அட்டை. நாள்தோறும் இடுப்பில் தூக்கித் திரியும் தாய்க்குத் தன் பிள்ளை மெலிவது தெரியாது. நேற்றைக்கும் இன்றைக்கும் வேறுபாடு தெரிவதில்லை. 1950-களில் நைஜீரியாவில் பணியாற்றிய டேவிட் மோர்லி என்ற ஆங்கிலேய மருத்துவர், மாதந்தோறும் குழந்தையின் எடையைப் புள்ளியிட்டுக் கோடாக இணைக்கும் அட்டையை வகுத்தார். கோடு மேலே ஏறாமல் படுத்துவிட்டால், பார்வைக்குக் கொழுகொழுவென்று இருந்தாலும் குழந்தை ஆபத்தை நோக்கிச் செல்கிறது என்று பொருள். இந்த அறிவைச் சிற்றூர்ப் பெண்களின் கைக்குக் கொண்டுவந்த பெருமுயற்சிகளில் ஒன்று நம் மாநிலத்தில் நடந்தது. 1980-இல் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடையிட்டு, வளர்ச்சி தடைப்பட்டவர்களுக்குச் சத்துணவு கொடுத்துத் தேற்றினர். அதற்கு ஊர்ப் பெண்களையே பணியில் அமர்த்தினர். வறுமையிலும் தம் சொந்தப் பிள்ளைகளை நலமாக வளர்த்துக் காட்டிய தாய்மாரைத் தேடித் தேர்ந்தெடுக்க முயன்றனர் என்பது நம் கருத்துக்கு மிகவும் உரியது. அன்பும் திறமையும் ஏற்கெனவே உள்ளவர்களைத்தாம் தேடினார்கள். தேடி எடுத்த பின்னும், அவர்களுக்கு முறையான பயிற்சி கொடுத்தே எடைக் கருவியைக் கையில் தந்தார்கள்.

காவிரிப் படுகை உழவர்க்கு இதை நாம் விரித்துரைக்கத் தேவையில்லை. நாற்றங்காலின்மேல் உயிரையே வைத்திருப்பவர், பாசத்தால் தண்ணீரைத் தேக்கிவைத்துக்கொண்டே இருந்தால் நாற்று அழுகும். எப்போது மடை திறப்பது, எப்போது வடிப்பது என்று தெரியாதவரிடம் ஒரு மா நிலத்தைக்கூட நாம் ஒப்படைக்க மாட்டோம்.

குழந்தைகள் இல்லத்தின் கதை இதைவிடக் கடினமானது. அங்கு வந்து சேரும் குழந்தையின் உடலை எடை அட்டை சொல்லிவிடும். அதன் உள்ளத்துக்கு அட்டை இல்லை. எட்டு வயதுச் சிறுவன் இரவில் படுக்கையை நனைக்கிறான். காப்பாளர் நல்லவர், அவனுக்கு வெட்கம் வந்தால் திருந்துவான் என்று எண்ணி, நனைந்த பாயை மற்றப் பிள்ளைகள் பார்க்க வெயிலில் போடச் சொல்கிறார். ஒரு சிறுமி சாப்பாட்டுத் தட்டிலிருந்து இட்லியை எடுத்துத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறாள், எறும்பு மொய்க்கிறது, “திருட்டுப் புத்தி” என்று பெயர் வாங்குகிறாள். முன்னவன் அச்சத்தால் நனைக்கிறான் என்பதும், பின்னவள் நாளைக்குச் சோறு கிடைக்குமா என்று தெரியாத வீட்டிலிருந்து வந்தவள் என்பதும், குழந்தை உளநலம் சிறிது கற்றவர்க்கு உடனே ஐயத்துக்கு வரும் செய்திகள். கல்லாதவர்க்கு அவை ஒழுக்கக் கேடாகத் தோன்றும். ஒழுக்கக் கேட்டுக்குரிய மருந்தையே அவர் அன்போடு கொடுப்பார்.

இவ்விரண்டையும்விட நம்மைக் கவலையுறச் செய்வது மூன்றாவது குழந்தை. அழாத குழந்தை. வந்த முதல் வாரம் கதறி அழுது, பின் அடங்கி, கேட்டதற்குப் பதில் சொல்லி, வைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தை. “இது தங்கமான பிள்ளை, ஒரு தொல்லையும் இல்லை” என்று அருட்சகோதரிகளும் ஆயாக்களும் மகிழ்வர். அந்த அமைதியின் பொருளை உலகுக்குக் காட்டியவர் ஒரு கொதிகலன் தொழிலாளி என்று சொன்னால் நம் வாசகர்கள் வியக்கக்கூடும்.

இரண்டாம் உலகப் போரின்போது இலண்டனில் ஹாம்ஸ்டெட் என்னும் பகுதியில், குண்டுவீச்சால் வீடும் பெற்றோரும் பிரிந்த குழந்தைகளுக்காக அன்னா பிராய்டும் டோரத்தி பர்லிங்ஹாமும் 1941 முதல் 1945 வரை இல்லங்கள் நடத்தினர். அங்கே கொதிகலனுக்கு நெருப்பிடவும் சில்லறை வேலைகள் பார்க்கவும் சேர்ந்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். அவ்வில்லத்தில் ஒரு விதி இருந்தது. செவிலியர் மட்டுமின்றி, வேலை செய்யும் ஒவ்வொருவரும், கொதிகலன்காரர் உட்பட, குழந்தைகளிடம் தாம் கண்டதைச் சிறு அட்டைகளில் எழுதித் தர வேண்டும். வாரந்தோறும் கூடி அந்த அட்டைகளை வைத்துப் பேசுவார்கள். ராபர்ட்சன் பார்க்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். பின்னாளில் அவர் உளநல மருத்துவர் ஜான் பௌல்பியுடன் பணியாற்றி, மருத்துவமனையில் எட்டு நாள் தனியே விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியைப் பற்றி 1952-இல் ஒரு திரைப்படம் எடுத்தார். குழந்தை முதலில் எதிர்த்து அழுகிறது. பின் நம்பிக்கை இழந்து அமைதியாகிறது. இறுதியில் தாயே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. நடுவிலுள்ள அந்த அமைதியைத்தான் செவிலியர் “பழகிவிட்டது” என்று மகிழ்ந்து வந்தனர். பல மருத்துவர்கள் சினங்கொண்டனர், நம்ப மறுத்தனர். ஆயினும் 1959-இல் இங்கிலாந்தின் அரசுக் குழு ஒன்று, மருத்துவமனையிலுள்ள குழந்தைகளைப் பெற்றோர் தடையின்றிப் பார்க்க வழிசெய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்கு முன் பல மருத்துவமனைகளில் வாரத்துக்கு ஒருமுறை பார்க்க விட்டாலே பெரிது.

ஹாம்ஸ்டெட் விதியை நம் இல்லங்களுக்குப் பொருத்திப் பாருங்கள். எந்தப் பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறது என்பது இயக்குநருக்குத் தெரியாது, சமையலம்மாவுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் வாயிற்கதவைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்து நிற்கும் பிள்ளை எது என்பது காவலாளிக்குத் தெரியும். அவர்களை நாம் பயிற்சிக்கு அழைப்பதில்லை. அன்று அவர்கள் பயிற்சிக்கு வந்தவர்களுக்குச் சமைத்துக்கொண்டிருப்பார்கள்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். பெற்றோரற்ற பிள்ளையைக் காத்த கதைகள் தஞ்சைக்குப் புதியன அல்ல. 1787-இல் துளஜா மன்னர் இறக்கும் தறுவாயில் தம் சுவீகாரப் புதல்வன் சரபோஜியை லூத்தரன் சபையைச் சேர்ந்த ஷ்வார்ட்ஸ் ஐயரின் பாதுகாப்பில் விட்டார். அரியணையில் அமர்ந்த சித்தப்பாவின் காவலில் அச்சிறுவன் துன்புற்றபோது, அவனைச் சென்னைக்கு அனுப்பிக் கல்வி பெறச் செய்ததில் ஷ்வார்ட்ஸுக்குப் பெரும்பங்கு உண்டு. அவருக்குக் கருணை இருந்தது. அதோடு தமிழ், மராத்தி, பாரசீகம், இந்துஸ்தானி ஆகிய மொழிகளும் அரண்மனை, கும்பினி ஆகிய இரண்டின் நடைமுறைகளும் தெரிந்திருந்தன. வெறும் கண்ணீரால் அந்தக் கதவு திறந்திருக்காது.

நம் திருச்சபையின் கதை 1906-இல் இருக்கிறது. சலேசிய சபைத் துறவியர் இந்தியாவில் முதன்முதலாகப் பணி தொடங்கிய இடம் தஞ்சை என்பதை நம் இளைஞர் பலர் அறியார். தஞ்சை அப்போது மயிலை மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. நம் மறைமாவட்டம் 1952-இல்தான் தோன்றியது. மயிலை ஆயரின் அழைப்பை ஏற்று, ஜார்ஜ் தொமாத்திஸ் அடிகளார் தலைமையில் அவ்வாண்டு சனவரியில் வந்த சிறு குழுவினர் இங்கிருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றனர். பின்னாளில் தஞ்சையில் பணியாற்றிய யூஜின் மெதர்லே அடிகளார் 1928-இல் சென்னைப் பேராயரானார். மொழி தெரியாமல், வெயில் பழகாமல் வந்த அவர்கள் கையில் ஒரு கல்விமுறை இருந்தது. புனித தொன் போஸ்கோ 1877-இல் ஒரு சிறு நூலில் வகுத்துத் தந்த தடுப்பு முறை அது. குற்றம் நடந்த பின் தண்டிப்பதைவிட, பெரியவர் எப்போதும் பிள்ளைகளின் நடுவிலேயே இருந்து குற்றத்துக்கு இடமே இல்லாமல் செய்வது. அறிவு, இறைப்பற்று, கனிவு என்னும் மூன்றின்மேல் நிற்பது.

நாம் இங்கே சுட்ட விரும்புவது, தொன் போஸ்கோவைப்போல் பிள்ளைகளை நேசித்தவர் எவரும் தம் பணியாளரின் அன்பை மட்டும் நம்பிவிடவில்லை என்பதை. 1884-இல் அவர் உரோமையிலிருந்து தம் சொந்த இல்லத்தாருக்கு எழுதிய மடலில் ஒரு வருத்தம் இருக்கிறது. இல்லத்துப் பெரியவர்கள் பிள்ளைகளை நேசிக்கிறார்கள். ஆனால் விளையாட்டுத் திடலில் அவர்களைக் காணோம். ஆகவே தாம் நேசிக்கப்படுவது பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. நேசித்தால் மட்டும் போதாது, நேசிப்பது பிள்ளைக்குத் தெரியும்படி நேசிக்க வேண்டும் என்கிறார். அப்படி நேசிப்பதற்குப் பயிற்சி வேண்டும் என்பதால்தான் சலேசிய இளந்துறவி ஒருவர் மெய்யியல் முடித்து இறையியலுக்குச் செல்லுமுன் பிள்ளைகளோடு வாழ்ந்து பழகும் காலம் வைக்கப்பட்டுள்ளது.

அறநெறி வினாவுக்குத் திரும்புவோம். அறியாமையைப் பற்றிப் புனித அக்குவினா தோமா தம் இறையியல் தொகுப்பில் செய்யும் பாகுபாடு, குருமடத்தில் நாம் படித்தபோது வறண்ட பாடமாகத் தோன்றியது. அறிய இயலாததை அறியாதிருத்தல் குற்றமாகாது. அறிய இயலும், அறியக் கடமையும் உண்டு என்னும் நிலையில் கவனமின்மையால் அறியாதிருத்தல் பாவமாகும். அறியக் கடமைப்பட்டவை எவை? விசுவாச உண்மைகளும் பொது அறநெறிகளும் எல்லாருக்கும் உரியவை. அவற்றோடு, அவரவர் தம் நிலைக்கும் அலுவலுக்கும் உரியவற்றை அறியக் கடமைப்பட்டவர் என்கிறார் தோமா. மருத்துவர் மருந்தை அறியாமலும், நீதிபதி சட்டத்தை அறியாமலும் இருந்துவிட்டு, “நல்ல எண்ணத்தோடுதான் செய்தேன்” என்று தப்ப முடியாது. பிறர் பிள்ளைகளை வளர்ப்பதும் ஓர் அலுவல்.

ஆனால் இங்கே நாம் அவசரப்பட்டு யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடக் கூடாது. பனிரெண்டாம் வகுப்பு முடித்த, இருபது வயது நிரம்பாத ஒரு சிற்றூர்ப் பெண்ணை, பங்குத்தந்தையின் நற்சான்றுக் கடிதம் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு, நாற்பது பிள்ளைகளுக்குக் காப்பாளராக அமர்த்துகிறோம். இரவு முழுவதும் அவள் தனியே. ஒரு பிள்ளைக்கு வலிப்பு வருகிறது. இன்னொன்று தன்னை மாய்த்துக்கொள்வேன் என்கிறது. மூன்றாவது தன் வீட்டில் நடந்த, வாய்விட்டுச் சொல்லக் கூசும் ஒன்றை அவள் காதில் சொல்கிறது. அவள் தடுமாறினால் குற்றம் அவளுடையதா? அவளுடைய அறியாமை, அவளே நீக்கிக்கொள்ள இயலாத அறியாமை. அவளை அங்கே நிறுத்தியவர்களுக்கு அது நீக்கக்கூடிய ஒன்றாக இருந்தது. ஆகவே பொறுப்பு அவளை விட்டு மேலே ஏறுகிறது. தலைமைச் சகோதரியிடம், இயக்குநரிடம், நிருவாகக் குழுவிடம், நன்கொடையாளரிடமும் கூட. நன்கொடையாளர் ஏன் என்று கேட்கலாம். கட்டடத்துக்குக் கல்வெட்டு உண்டு. கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் புத்தாடை கொடுத்தால் படம் எடுத்துக்கொள்ளலாம். காப்பாளரின் பயிற்சிக்குக் கொடுத்த பணத்தைக் காட்ட வழியில்லை என்று அதற்கு மட்டும் எவரும் கொடுப்பதில்லை.

திருப்பலி ஒப்புக்கொடுக்கும் ஒருவரை உருவாக்கத் திருச்சபை பத்தாண்டு செலவிடுகிறது. அதை நாம் குறை சொல்லவில்லை. ஊர்தி ஓட்ட உரிமம் கேட்கும் நாம், நாற்பது பிள்ளைகளை ஓட்டிச் செல்பவரிடம் என்ன கேட்கிறோம் என்றுதான் எண்ணிப் பார்க்கச் சொல்கிறோம்.

மேலே சொன்ன மூன்றாவது பிள்ளையைப் பற்றி இன்னும் சிறிது பேச வேண்டும். அங்கே கல்லாத அன்பு பெருந்தீங்காக மாறும். நம் ஊர்களில் பெரியவர்களுக்கு முதலில் தோன்றுவது குடும்ப மானம். இரு வீட்டாரையும் அழைத்துப் பேசி, கால்களில் விழச் சொல்லி, பிள்ளையைத் தொலைவிலுள்ள விடுதிக்கு அனுப்பிவிடுவது அவர்களுக்குக் கருணையாகவே தோன்றும். 2012 நவம்பர் முதல் நடைமுறையிலுள்ள போக்சோ சட்டம் இதை அனுமதிப்பதில்லை. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கத் தவறினால் தண்டனை உண்டு. தமக்குக் கீழ் உள்ளவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு அது ஓராண்டுச் சிறை வரை செல்லும். அதே சட்டம் பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்கும் காவலர் சீருடையில் இருக்கக் கூடாது என்றும், பிள்ளையைத் திரும்பத் திரும்ப நீதிமன்றத்துக்கு இழுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. சட்டத்தை எழுதியவர்கள் குழந்தையை அறிந்தவர்கள். நம் காப்பாளர் எத்தனை பேர் அச்சட்டத்தை அறிந்தவர்கள்? குழந்தை அச்செய்தியைச் சொல்லும் அந்த ஐந்து நிமிடத்தில், “நீ ஏன் அங்கே போனாய்?” என்று கேட்காமல், நம்புகிறேன் என்று சொல்லி, சொன்னதைச் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொண்டு, இரகசியமாக வைப்பேன் என்று பொய் வாக்குறுதி கொடுக்காமல் இருப்பதற்கு முன்பயிற்சி இல்லாமல் எவராலும் இயலாது. இக்குற்றங்கள் மறைக்கப்பட்டதால் உலகத் திருச்சபை பட்ட பாட்டையும், அதைவிடப் பெரிதாக அப்பிள்ளைகள் பட்ட பாட்டையும் நாம் அறிவோம். 2014-இல் சிறார் பாதுகாப்புக்கெனத் திருத்தந்தை பிரான்சிஸ் ஓர் ஆணையத்தை நிறுவியதும், 2019-இல் இத்தகைய குற்றங்களைத் திருச்சபை அதிகாரிகளுக்குத் தெரிவிக்குமாறு குருக்களையும் துறவியரையும் கட்டாயப்படுத்தியதும் அப்பாட்டின் பின்னரே.

2004-ஆம் ஆண்டு நம் படுகைக்கு இருமுறை பிள்ளைகளின் சாவைக் கொண்டுவந்தது. சூலை 16-இல் கும்பகோணத்தில் பள்ளியின் கீற்றுக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். திசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிறு காலையில் கடல் ஏறியது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உதவி செய்யக் கிளம்பியவர்களின் அன்பில் ஐயமில்லை. ஆயினும், தாயை அலை இழுத்துப் போனதைக் கண்ட பிள்ளையிடம் வருகிறவர் ஒவ்வொருவரும் “என்ன நடந்தது, சொல்லு” என்று கேட்டால், அப்பிள்ளை நாளொன்றுக்குப் பலமுறை அலையைப் பார்க்க நேரிடும். பெங்களூரு நிம்ஹான்ஸ் உளநல நிறுவனத்தார் வந்து ஆசிரியர்க்கும் சமூகப் பணியாளர்க்கும் பயிற்சி கொடுத்தபோது வலியுறுத்தியவை எளியவை: பிள்ளை பேச விரும்பும்போது கேளுங்கள்; வரைய, விளையாட, கதை சொல்ல விடுங்கள்; நாள்தோறும் நடந்தவற்றை மீண்டும் நடக்கச் செய்யுங்கள். அரசும் பெற்றோரை இழந்த பிள்ளைகளைக் கேட்டவர்க்கெல்லாம் தூக்கிக் கொடுக்காமல், நாகப்பட்டினம் உள்ளிட்ட இடங்களில் காப்பகங்கள் திறந்தது. தத்தெடுக்க ஓடி வந்தவர்களில் பலர் நல்லவர்களே. ஆனால் பெரியம்மாவோ தாய்மாமனோ எங்கேனும் உயிரோடு இருக்கிறார்களா என்று தேடிப் பார்க்குமுன் பிள்ளையை ஊர் கடத்திவிடுவது, எஞ்சியிருந்த ஒரே கயிற்றையும் அறுப்பதாகும்.

குடும்பத்தைப் பற்றிய இப்பாடம் நம் இல்லங்களுக்கு இன்னும் தேவை. “அநாதை இல்லம்” என்று இன்றும் நாம் வாய் தவறிச் சொல்லும் இடங்களில் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தாயோ தந்தையோ இருக்கின்றனர். நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் வருமானமற்ற கைம்பெண், திருப்பூருக்குப் பிழைக்கப் போனவர், குடியால் சிதைந்த வீடு. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்த பின், கிடை ஆடு மேய்க்கக் கடனுக்கு ஈடாக விடப்பட்ட சிறுவர்கள் மீட்கப்பட்ட செய்திகள் நாளேடுகளில் வந்தன. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், நிறுவனத்தில் வைப்பதைக் கடைசி வழியாகவே கருதச் சொல்கிறது. அதன்படி நடக்க வேண்டுமானால், பிள்ளைக்குச் சோறு போடுவதைவிடக் கடினமான வேலையை நம் பணியாளர் கற்க வேண்டும். வீடு தேடிப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து, கந்துவட்டிக் கணக்கைக் கேட்டு, எந்த அரசு உதவியை வாங்கிக் கொடுத்தால் இந்தத் தாய் தன் பிள்ளையைத் தன்னிடமே வைத்துக்கொள்வாள் என்று கணிக்கும் வேலை. இல்லத்தில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தால் மகிழும் இயக்குநர்களை இன்னும் நாம் அதிகம் காணவில்லை.

பயிற்சி அன்பைக் குளிரச் செய்துவிடும் என்னும் மறுப்பை நாம் புறந்தள்ளவில்லை. கோப்பு நிரப்பத் தெரிந்தும் குழந்தையின் பெயர் தெரியாதவர்கள் உண்டு. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005-இல் கையெழுத்திட்ட ‘கடவுள் அன்பாய் இருக்கிறார்’ என்னும் சுற்றுமடல், பிறரன்புப் பணி செய்வோர்க்குத் தொழில் திறமை முதல் தேவை என்கிறது. உடனே, அது மட்டும் போதாது, இதயத்துக்கும் பயிற்சி வேண்டும் என்கிறது. நல்ல சமாரியர் உவமையை இந்தக் கண்ணோடு வாசித்தால் புதிதாக ஒன்று தெரியும். அவர் இரக்கப்பட்டதோடு நிற்கவில்லை. காயத்துக்கு எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டத் தெரிந்திருந்தார். தம்மால் இயலாததை விடுதிக்காரரிடம் ஒப்படைக்கவும், அதற்குக் கூலி கொடுக்கவும் தெரிந்திருந்தார்.

அந்தக் கூலியைப் பற்றி நம் இல்லங்கள் பேச விரும்புவதில்லை. தியாகம் என்னும் அழகிய சொல்லின் கீழ்க் குறைந்த சம்பளம் மறைந்துகொள்கிறது. நடுவண் அரசும் இதில் நமக்குத் துணை. 1975 முதல் நடந்துவரும் அங்கன்வாடியில், நம் மக்கள் சொல்லும் பால்வாடியில், உழைப்பவர்க்கு அது தருவதன் பெயரே மதிப்பூதியம்தான். பயிற்சி பெற்ற காப்பாளர் மறு ஆண்டு துணிக்கடைக்கு விற்பனையாளராகப் போய்விடுகிறார் என்று புலம்புவோர், துணிக்கடை என்ன கொடுக்கிறது என்று விசாரித்ததுண்டா?

பயிற்சிகள் நடக்கும் விதமும் சொல்லத்தக்கது. குத்துவிளக்கு, வரவேற்பு நடனம், பொன்னாடை, முன்னிலை, தலைமை, வாழ்த்துரை. பதினொன்றரைக்கு வல்லுநர் திரையில் படங்களை ஓட்டத் தொடங்குவார். ஒரு மணிக்குப் பிரியாணி. மூன்று மணிக்குச் சான்றிதழ், குழுப் படம், நன்றியுரை. வந்தவர்கள் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் இருப்பார்கள். இதைவிட, சமையற்கட்டின் ஆணியில் கட்டித் தொங்கவிட்ட ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும், சனிக்கிழமை பிற்பகல் ஒரு மணி நேரமும் மேலானவை என்று கருதுகிறோம். எழுதத் தெரியாத ஆயா சொல்ல, மற்றவர் எழுதலாம். “செவ்வாய் இரவு இந்தப் பிள்ளை இருமுறை எழுந்து கதவைத் தொட்டுப் பார்த்தது.” அவ்வளவு போதும், அந்த ஒரு மணி நேரத்தைத் தொடங்க. ஆண்டுக்கு இருமுறை அரசு மருத்துவமனையின் உளநல மருத்துவரோ குழந்தைகள் நலக் குழுவினரோ வந்து அந்த நோட்டை வைத்தே கற்பிக்கலாம்.

தடையாக எஞ்சுவது ஒன்றே. எல்லாரும் பயிற்சியில் உட்கார்ந்தால் அந்நேரம் பிள்ளைகளை யார் பார்ப்பது? நம் பங்குகளில் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருக்கிறார்கள். மரியாயின் சேனையினர் இருக்கிறார்கள். வின்சென்ட் தே பவுல் சபையினர் இருக்கிறார்கள். புத்தாடையோடு ஆண்டுக்கு ஒருமுறை வருவதற்குப் பதில், வாரந்தோறும் சனிக்கிழமை இரண்டு மணி முதல் நான்கு மணி வரை இருவர் இருவராக முறைவைத்து இல்லத்துக்கு வரலாம். வருகிறவர்களும் முதலில் அரை நாள் உட்கார்ந்து, பிள்ளைகளிடம் எதைக் கேட்கக் கூடாது என்பதையும், தனியே அழைத்துச் செல்லக் கூடாது என்பதையும், படம் எடுக்கக் கூடாது என்பதையும் கற்ற பின்பே வர வேண்டும்.